எல்லார் தொட்டியிலும் இருக்கும் எச்.எம். செடி அழிந்துபோன செடியா?

செடித்தொட்டி மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டடி மீன்தொட்டியில முன்பக்கம் நடறதுக்கு எச்.எம்.னு ஒரு நீர்ச்செடி ஒரு கப் வாங்கினேன். நல்லா பிடிச்சிருக்கு, சாயங்காலம் லைட் போட்டா இலை நுனியெல்லாம் முத்து முத்தா குமிழி விடுது. கப் மேல இருந்த லேபிள்ல 'ஹெமியாந்தஸ் மைக்ராந்தெமாய்டிஸ்'னு முழுப் பேர் போட்டிருந்தாங்க. வளர்ப்பு முறை பார்க்கலாம்னு அந்தப் பேரைத் தேடினா வேற கதை வருது. அமெரிக்காவோட கிழக்குக் கரை ஆறுகள்ல, கடல் ஓதம் வந்து போற நன்னீர்ச் சேத்துல வளர்ற ஒருபருவச் செடியாம். கடைசியா 1941ல வர்ஜீனியாவுல பறிச்சு ஹெர்பேரியத்துல, அதான் செடிகளைக் காயவச்சு சேர்த்து வைக்கிற இடத்துல, வச்சாங்களாம். அதுக்கப்புறம் யார் கண்ணுலயும் படலையாம். அழிஞ்சுபோன செடி எப்படிங்க ஊர்ல இருக்கிற எல்லார் தொட்டியிலயும் இருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொளத்தூர் கடைக்காரர்:
தம்பி, ட்ரேட்ல இதுக்கு எப்பவுமே எச்.எம்.னுதான் பேர். சிலர் பேர்ல் வீட்னு கேப்பாங்க. திசு வளர்ப்புக் கப்புல வருது, லேபிள் அங்கேயே ஒட்டி வருது, நாங்க ஒட்றதில்ல. இதே மாதிரி முன்பக்கம் நடற செடிங்கள்ல ஹெச்.சி. கியூபா வேற, மான்டி கார்லோ வேற, இது வேற. மத்த ரெண்டும் கணுவுக்கு ரெண்டு இலை விட்டு தரையோட படரும். இது கணுவுக்கு மூணு, நாலு இலை விட்டு மேல எழும்பும், வெட்டி வெட்டி விட்டாதான் புதர் மாதிரி அடர்த்தியா வரும். வளர்க்கிறதுல சந்தேகம்னா எப்ப வேணா கேளுங்க. அழிஞ்ச செடி விஷயம் எனக்குப் புதுசு.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
மதுரைத் தம்பி, நல்ல கேள்வி. உங்கள் தொட்டியில் இருப்பது அந்தச் செடி இல்லை. அது மைக்ராந்தெமம் குளோமெராட்டம் என்ற ஃபுளோரிடா செடி. பல்லாண்டு வாழும், பாய்போல் படரும், வெட்டி நட்டால் எங்கும் பிடிக்கும். மீன்தொட்டி உலகம் அதற்கு நெருங்கிய உறவுச் செடியின் பெயரை வைத்துப் பல பத்தாண்டுகளாக விற்றுவந்தது. 2010களின் தொடக்கத்தில்தான் இது தெளிவானது. தெளிவுபடுத்தியவர்களும் உங்களைப் போன்ற நீர்ச்செடி ஆர்வலர் வட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆனாலும் லேபிள்கள் இன்னும் மாறவில்லை.

பெயருக்கு உரிய உண்மையான செடியை 1817இல் தாமஸ் நட்டால் விவரித்தார். இங்கிலாந்தில் அச்சுத்தொழில் பழகி, 1808இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து, தாவரவியலில் ஊறிப்போனவர். இதற்காகவே ஹெமியாந்தஸ் என்ற புதுப் பேரினத்தை உண்டாக்கினார். பிறகு மைக்ராந்தெமம் பேரினத்துக்கு மாற்றினார்கள். இன்று லின்டர்னியேசி குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். நம்மூர் வயல் வரப்பில் ஊதாப் பூ பூக்கும் லின்டர்னியாக்களுக்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலவர், பொட்டோமாக் முதலிய ஆறுகளின் கரையில், நியூயார்க்கிலிருந்து வர்ஜீனியா வரை, பல மாநிலங்களில் பறித்த மாதிரிகள் உலர்தாவரத் தாள்களில் இருக்கின்றன. செடி சில சென்டிமீட்டர்தான். பூ கடுகளவு. ஆகஸ்டுக்குப் பிறகு பூத்து, குளிர் வருவதற்குள் விதை விட்டு முடிந்துவிடும்.

செடித்தொட்டி மதுரை:
ரொம்ப நன்றி மேடம். நன்னீர், ஓதம் இந்த ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்? ஓதம்னா கடல் தண்ணி உள்ள வர்றதுதானே, உப்பு வராதா?

ரிச்மண்ட் வாசி:
இதுக்கு நான் சொல்றேன். வர்ஜீனியாவில் இருக்கிறேன், சிக்கஹாமினி ஆற்றில் அடிக்கடி துடுப்புப் படகு எடுத்துப் போவேன்.

கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீரை எதிர்த்துத் தள்ளும். உப்புத்தண்ணீர் கொஞ்ச தூரத்தோடு நின்றுவிடும், ஆனால் அந்தத் தள்ளு அதற்கு மேலே வெகுதூரம் போகும். மேலே இருக்கிற ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி உயரும். ஆறு மணி நேரம் கழித்து வடியும். உப்பே இல்லாத தண்ணீர் ஒரு நாளைக்கு ரெண்டு முறை ஏறி இறங்கும். டெலவர் ஆற்றில் உப்பு பெரும்பாலும் வில்மிங்டன் பக்கமே நின்றுவிடும். ஓதமோ கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிற டிரென்டன் வரை போகும், அங்கே பாறைச் சரிவு வந்துதான் நிறுத்தும். ஹட்சன் ஆற்றில் ட்ராய் அணை வரை, அது நியூயார்க் துறைமுகத்திலிருந்து 240 கிலோமீட்டருக்கும் மேல். ஃபிலடெல்ஃபியா கரையில் தண்ணீர் ரெண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்.

வற்றத்தில், அதாவது தண்ணீர் வடிந்த நேரத்தில், போனால் தெரியும். கரையோரம் காட்டு நெல் ஆளுயரத்துக்கு நிற்கும். அதற்கு முன்னால் மஞ்சள் அல்லியின் பெரிய இலைகள் தண்டோடு சாய்ந்து கிடக்கும். அதற்கும் கீழே, தண்ணீர் விளிம்பு வரை, வழவழவென்று வெறும் சேறு. பார்த்தால் ஒன்றுமே இல்லை மாதிரி இருக்கும். முட்டி போட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனால்தான் அதில் விரல் நீளப் புல், நகக்கண் அளவு இலை எல்லாம் இருப்பது தெரியும். எல்லாவற்றின் மேலும் மெல்லிய வண்டல் பூச்சு. விரலால் துடைத்தால்தான் பச்சை தெரியும். அங்கே கைப்பிடி அளவில் நிற்கிற சாஜிடேரியா சுபுலாட்டா, நம்ம தொட்டிகளில் ட்வார்ஃப் சாஜ் என்று நடுகிறோமே, அதேதான். அதற்கு அதுதான் சொந்த ஊர். இந்தக் காணாமல் போன செடியும் இதே கூட்டத்தில்தான் வளர்ந்தது.

வேதாரண்யத்தான்:
படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. நம்ம பக்கம் இப்படி இடம் உண்டா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். அதோடு நம் ஆறுகளில் வருடத்தில் பாதி மாதம் உப்பை எதிர்த்துத் தள்ளத் தண்ணீர் கிடையாது. ஆகவே முகத்துவாரத்தில் உவர்நீர், அலையாத்தி, உமரிச் செடிகள். அதற்கு மேலே போனால் காய்ந்த மணல். உப்பில்லாத ஓதச் சேறு வேண்டுமானால் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் பெரிய ஆறும் நல்ல ஓதமும் சேர்ந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஹூக்ளி அப்படிப்பட்டது.

நேர்ப்பேச்சு:
நான் யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் உண்மையாகவே கேட்கிறேன். சில சென்டிமீட்டர் செடி, கடுகளவு பூ, யாரும் சாப்பிடுவதில்லை, மருந்தும் இல்லை. போனால் என்ன? அங்கே திமிங்கலம், கழுகு என்று காப்பாற்ற எவ்வளவோ இருக்கிறது. பணமும் நேரமும் அளவானவை அல்லவா?

ரிச்மண்ட் வாசி:
பணம் அளவானதுதான், ஒத்துக்கிறேன். ஆனால் இந்தச் செடிக்குத் தேவையானது தனிப்பட்ட மருத்துவமனையோ வேலியோ இல்லை. நல்ல தண்ணீரும் கலையாத சேறும்தான். அது இருந்தால் ஷேட் மீன் முட்டை விட வரும், ஸ்டர்ஜன் மீன் வரும், நீர்ப்பறவை வரும். டெலவரில் நடந்ததைப் பாருங்கள். 1940களில் ஃபிலடெல்ஃபியா பக்கம் கழிவுநீரால் ஆற்றில் கரைந்த ஆக்சிஜன் கோடையில் ஏறக்குறைய சுத்தமாகப் போய்விட்டது. கப்பல் துறையில் வேலை செய்தவர்களுக்கு நாற்றத்தில் வாந்தி வந்தது. கடலிலிருந்து ஏறிவரும் ஷேட் மீன்கள் அந்தச் செத்த நீரைத் தாண்ட முடியாமல் நின்றன. அந்தச் சேற்றுச் செடியும் அதே காலத்தில்தான் காணாமல் போனது. ரெண்டையும் ஒன்றாகவே பார்க்கணும் என்பது என் கட்சி.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
நேர்ப்பேச்சு அவர்களே, கேட்டதில் தவறில்லை. இதில் ஒருபருவச் செடி என்பதுதான் முக்கியம். பல்லாண்டுச் செடிக்கு ஒரு கெட்ட வருடம் வந்தால் கிழங்கோ வேரோ காத்துக்கொண்டிருக்கும். ஒருபருவச் செடி ஒவ்வொரு வருடமும் விதையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். வசந்தத்தில் முளைக்க வெறும் சேறு வேண்டும், நிழல் கூடாது. வளரும் மாதங்களில் ஒரு நாளில் பாதி நேரம் மூழ்கிக் கிடந்து, மீதி நேரத்தில் வெயிலைப் பிடித்து, இலையுதிர் காலத்துக்குள் விதை கொட்டியாக வேண்டும். அந்த வருடம் படகு அலை கரையைக் கரைத்தாலோ, தூர்வாரிய மண்ணைக் கொட்டினாலோ, கலங்கல் தண்ணீரில் இலைமேல் வண்டல் அளவுக்கு மீறிப் படிந்தாலோ விதை இல்லை. அடுத்தடுத்து இப்படிச் சில வருடம் ஆனால் சேற்றில் இருந்த விதைச் சேமிப்பும் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா, கனடாவில் அழிந்த தாவரங்களைத் தொகுத்து 2020இல் ஒரு ஆய்வு வந்தது. 65 தாவரங்கள் என்று கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருந்தவை. ஒரு மலைச்சரிவு, ஒரு ஆற்றுத்திட்டு போனால் கதை முடிந்தது. நம் செடி அப்படியில்லை. அடுத்தடுத்துப் பல ஆறுகளில், பல மாநிலங்களில் இருந்தது. ஓர் ஆற்றில் போனது மற்றோர் ஆற்றில் தப்பியிருக்க வேண்டும். தப்பவில்லையென்றால், எல்லா ஆறுகளுக்கும் ஒரே மாதிரித் தீங்கு ஒரே காலத்தில் நேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பூ எவ்வளவு சின்னது என்பதைவிட இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

நேர்ப்பேச்சு:
பல ஆறுகளில் ஒரே காலத்தில் என்பது நான் யோசிக்காத கோணம். என்ன மாதிரித் தீங்கு? கழிவுநீர் மட்டும்தானா?

ரிச்மண்ட் வாசி:
கழிவுநீர் ஒன்று. இடமே இல்லாமல் போனது இன்னொன்று. ஃபிலடெல்ஃபியா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டினிகம் சதுப்பு என்று இருக்கிறது. ஒரு காலத்தில் 5,700 ஏக்கர் ஓதச் சதுப்பு. அணை போட்டு மேய்ச்சலாக்கி, மண் கொட்டி, குப்பை கொட்டி, 1960களின் கடைசியில் 200 ஏக்கர் அளவுக்கு வந்துவிட்டது. உள்ளூர் மக்கள் போராடி 1972இல் மத்திய அரசின் பாதுகாப்பு வாங்கினார்கள். இன்று ஜான் ஹெய்ன்ஸ் வனவிலங்குப் புகலிடம் என்று பெயர்.

மூன்றாவது தூர்வாருதல். பெரிய கப்பல் போக ஆற்றை ஆழமாக்கினால் ஓதத்தின் அளவே மாறும். ஹட்சனில் ஆல்பனி பக்கம் ஆழப்படுத்தியதால் ஏற்ற இறக்கம் முன்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. சேற்றில் இத்தனை விரற்கடை உயரத்தில் இத்தனை மணி நேரம் மூழ்கணும் என்று பழகிய செடிக்கு அடி விழுகிற இடம் அது. அப்புறம் அணைகள். நான் படகு விடுகிற சிக்கஹாமினியில் 1943இல் குடிநீருக்காக வாக்கர்ஸ் அணை கட்டினார்கள். அதற்கு மேலே ஓதம் கிடையாது, ஏரிதான்.

செடித்தொட்டி மதுரை:
மேடம், ஒரு யோசனை. ஃபுளோரிடா செடி கப்பு கப்பா கிடைக்குதே. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி செடிதானே. அதையே டெலவர் சேத்துல கொண்டுபோய் நட்டா என்ன? காலியா இருக்கிற இடம் நிரம்பும்ல?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
கூடவே கூடாது தம்பி. நல்லெண்ணத்தில் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு செடி இருக்கிறது. பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனை செய்தோமே, பீக்கரில் புனலைக் கவிழ்த்து அதன்மேல் சோதனைக்குழாயைக் கவிழ்த்து, அந்த ஹைட்ரில்லா. நம் குளங்களில் சாதாரணச் செடி. 1950களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வியாபாரத்துக்காக ஃபுளோரிடாவுக்குப் போனது. வாய்க்காலில் விழுந்தது. இன்று அமெரிக்காவின் தென்பகுதி நீர்நிலைகளை அடைத்து, கோடிக்கணக்கான டாலர் செலவு வைக்கிறது. கொரியா வழியாகப் போனதாகக் கருதப்படும் இன்னொரு வகை 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் பக்கம் பொட்டோமாக்கில் தலைகாட்டியது. அந்தப் பொட்டோமாக்கும் நம் செடியின் பழைய வீடுகளில் ஒன்று.

காலி இடம் என்று வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத்தான் தோன்றும். அந்த வெறும் சேறு காலியாக இருப்பதால்தான் ஒருபருவச் செடிகள் முளைக்கின்றன. பாய்போல் படரும் பல்லாண்டுச் செடியைக் கொண்டுபோய் அங்கே விட்டால், மிச்சம் இருக்கும் ஒருபருவச் செடிகளுக்கும் இடம் போய்விடும்.

கொளத்தூர் கடைக்காரர்:
மேடம் சொல்றது நூத்துக்கு நூறு. நம்மூர்லயும் இதேதான். தொட்டி களையும்போது மிச்சச் செடியை ஏரியில, கால்வாயில கொட்டாதீங்கன்னு ஒவ்வொரு கஸ்டமர்கிட்டயும் சொல்லுவேன். வெயில்ல காயப்போட்டு குப்பைல போடுங்க, இல்ல உரக்குழியில போடுங்க. ஆகாயத்தாமரையே போதும் நமக்கு.

தஞ்சை மைந்தன்:
இந்த இழையைப் படித்துவிட்டு அந்த ஆறுகளில் வேறு ஒருபருவச் செடி என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்று கண்ணில் பட்டது, எஸ்கினோமினி வர்ஜினிகா. தொட்டால் இலை மூடுமாம், மஞ்சள் பூவாம். எஸ்கினோமினி என்றதும் துள்ளிவிட்டேன். எங்கள் ஊரில் நெட்டி வேலைப்பாடு செய்கிறோமே, பெரிய கோயில் மாதிரி, தேர் மாதிரியெல்லாம், 2020இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்ததே, அந்த நெட்டி எஸ்கினோமினி ஆஸ்பெராதான். ஒரே பேரினமா மேடம்?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
ஒரே பேரினமேதான். நெட்டித் தண்டின் உள்ளே இருக்கும் வெள்ளைச் சோறு மாதிரிப் பகுதியைத்தானே சீவி எடுக்கிறீர்கள், அது நீரில் நிற்கும் தண்டுக்கு மிதப்பும் காற்றும் கொடுப்பதற்கு. வர்ஜீனியாச் செடி கைவினைக்கு ஆகுமளவு தடிப்பதில்லை. ஆனால் ஆளுயரம் வரை வளரும், ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து முடியும். வர்ஜீனியா, மேரிலாந்து, நியூ ஜெர்சி, வட கரோலினாவில் இருக்கிறது. 1992இல் அமெரிக்க மத்திய அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது.

அதைப் பற்றி மேரிலாந்தில் செய்த கள ஆய்வு நம் பேச்சுக்குப் பொருத்தமானது. சுற்றியிருக்கும் செடிகளை அகற்றிய இடத்தில் அதன் நாற்றுகள் நன்றாக நிலைக்கின்றன. அடர்ந்த இடத்தில் தவிக்கின்றன. சதுப்பில் யாராவது ஓர் இடத்தைத் திறந்துவிட்டால்தான் அதற்கு வாழ்வு. அங்கே அந்த வேலையைச் செய்வது கஸ்தூரி எலி (மஸ்க்ராட்), பனிக்கட்டி உரசல், ஓதம் கொண்டுவந்து போடும் சருகுக் குவியல். ஒருபக்கம் கலைக்கக் கூடாது, மறுபக்கம் கொஞ்சம் கலைய வேண்டும். இந்த அளவு பிசகாமல் இருப்பது இயற்கையாக ஓடும் ஆற்றில்தான் நடக்கும்.

தஞ்சை மைந்தன்:
எங்கள் பக்கமும் நெட்டி தானாக வளர்ந்த குளங்கள் குறைந்துகொண்டே வருகின்றன மேடம். வேலை செய்கிறவர்கள் செடிக்குத் தூரம் போக வேண்டியிருக்கிறது. படிக்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது.

நேர்ப்பேச்சு:
கடைசியாக ஒன்று கேட்கிறேன். 1941க்குப் பிறகு இத்தனை தாவரவியலாளர்கள் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அழிந்தது என்று முடித்துவிடலாமே. இன்னும் 'இருக்கலாம்' என்பது நம்பிக்கை மட்டும்தானே?

ரிச்மண்ட் வாசி:
நம்பிக்கை மட்டும் இல்லை. மெய்ன் மாநிலத்தில் செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் ஃபர்பிஷ் லௌஸ்வர்ட் என்று ஒரு செடி. அழிந்துவிட்டது என்றே எழுதிவைத்திருந்தார்கள். பெரிய அணை கட்டப்போகிறார்கள் என்று 1976இல் கரையை ஆய்வு செய்தபோது திரும்பக் கிடைத்தது. அணை கடைசியில் கட்டப்படவில்லை. அதுவோ முழங்கால் உயரச் செடி. நம்ம செடி அதைவிட ரொம்பச் சின்னது. வற்ற நேரத்தில் மட்டும் தெரியும், பூக்கிற ரெண்டு மாதத்தில் மட்டும் அடையாளம் சொல்ல முடியும், அந்தச் சேற்றில் கால் வைத்தால் தொடை வரை இறங்கும். இப்படிப்பட்ட இடத்தை எத்தனை பேர் எத்தனை கிலோமீட்டர் முட்டி போட்டுப் பார்த்திருக்க முடியும்? தண்ணீரும் இப்போது 1940களில் இருந்த மாதிரி இல்லை. 1972இன் தூய்மை நீர்ச் சட்டத்துக்குப் பிறகு டெலவரில் ஷேட் மீன் திரும்ப ஏறுகிறது.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
இதில் நான் ரிச்மண்ட் தம்பியைவிடக் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். மீன் கடலிலிருந்து திரும்பி வரும், விதைக்கு அப்படி ஒரு கடல் இல்லை. எண்பது வருடத்துக்கு மேல் சேற்றில் காத்திருந்து முளைக்கும் என்று நான் எண்ணவில்லை. எங்கோ ஒரு கிளையாற்றில் வருடம் தவறாமல் பூத்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு. அப்படி ஒரு மூலை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முழு நியாயம் உண்டு. தேடுவதை நிறுத்திவிட்டால் பிறகு இருந்தாலும் தெரியாது.

ரிச்மண்ட் வாசி:
அப்போ செப்டம்பர் வற்றத்தில் போகும்போது நான் எதைப் பார்க்கணும், எப்படிப் படம் எடுக்கணும், சொல்லுங்க மேடம். பறிக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
பறிக்காதது சரி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வற்றம் ஆழமாக இருக்கும், அந்த நாள்களைத் தேர்ந்தெடுங்கள். காட்டு நெல்லுக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே இருக்கும் பட்டையைப் பாருங்கள். சரளை கலந்த சேறாக இருந்தால் இன்னும் நிதானமாக. கரையேற வேண்டாம், படகிலிருந்தே குனியுங்கள், மிதித்தால் நீங்களே அழித்துவிடுவீர்கள். இலையிலிருக்கும் வண்டலைக் கொஞ்சம் ஆற்றுநீர் ஊற்றிக் கழுவிவிட்டு எடுங்கள். ஒரு கணுவில் எத்தனை இலை என்பது தெரிய மேலிருந்து ஒரு படம். பூ எங்கிருந்து கிளம்புகிறது, அதன் காம்பு நேராக நிற்கிறதா வளைகிறதா என்பது தெரியப் பக்கவாட்டில் ஒன்று. அளவுக்கு ஒரு நாணயம் வைத்து ஒன்று. மேக்ரோ லென்ஸ் இல்லையென்றால் போன் கேமரா முன்னால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸைப் பிடித்தால் போதும். கணுவுக்கு மூன்று இலை வட்டமாக, ஒவ்வொரு இலையும் சில மில்லிமீட்டர், இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில், ஒற்றை வெள்ளைப் பூ, இப்படி ஏதாவது கண்டால் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம். முதலில் மாநிலத்தின் இயற்கை மரபுத் துறைக்கு அனுப்புங்கள். சந்தேகமாக இருந்தாலும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை.

கொளத்தூர் கடைக்காரர்:
மேடம், தொட்டிச் செடியோட பூவைப் பார்க்கணும்னா தண்ணிக்கு வெளிய வளர்த்தாதான் வரும். அகலமான கண்ணாடி ஜாடியில ஈரமண் போட்டு மூடி வச்சு நான் வளர்த்து பூக்க வைக்கிறேன். ஃபுளோரிடா செடியோட பூ எப்படி இருக்கும்னு தெளிவா படம் எடுத்து இங்க போடறேன். ரிச்மண்ட் சார் சேத்துல பார்க்கிறதோட ஒப்பிட உதவுமா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
மிகவும் உதவும். காம்பும் புல்லிவட்டமும் தெரிகிற மாதிரி எடுங்கள். காய் பிடித்தால் அதையும்.